அரைச் சான்றின் கணக்கு

நம் நாளிதழ்களில் பல காலமாக அச்சாகிவரும் ஒரு வாக்கியம் உண்டு: போலீசாரின் கிடுக்கிப்பிடி விசாரணையில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். காலைக் காப்பி ஆறுவதற்குள் அந்த வரியைத் தாண்டி அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். கிடுக்கி என்றால் குறடு. உலையில் பழுத்த இரும்பைப் பற்றி எடுக்கிற கருவி. விசாரணை என்ற சொல்லுக்கு முன்னால் அதை முதலில் ஒட்டவைத்தவர் யாராக இருந்தாலும், உள்ளே என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னை அதைவிட உறுத்துவது ‘ஒப்புக்கொண்டான்’ என்ற சொல். நேற்றுவரை ‘அவர்’ ஆக இருந்த மனிதர், வழக்கு நீதிமன்றப் படியேறும் முன்பே ஒரு விகுதியில் ‘அவன்’ ஆகிவிடுகிறார். தீர்ப்பை நம் இலக்கணமே எழுதிவிடுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளி இயக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுதந்திரம், சமத்துவம், மக்களாட்சி என்று பெரிய சொற்களிலிருந்து தொடங்குவார்கள். நான் இந்தக் குறட்டிலிருந்து தொடங்குகிறேன். மனிதனைக் கட்டிவைத்து உண்மையைச் சொல்லச் சொன்ன அறைக்குள் அந்த இயக்கம் நுழைந்தது. அங்கே உட்கார்ந்திருந்த நீதிபதியைப் பார்த்து ‘உமக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டது. அரசு என்ற அமைப்பை அது தொட்டு மாற்றிய இடங்களில் இதைவிட ஆழமான இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

கதை தெற்குப் பிரான்சின் துலூஸ் நகரத்தில், ஒரு துணிக்கடையில் தொடங்குகிறது. 1761 அக்டோபர் 13. கடைக்காரர் ழான் கலாஸ், வயது 63, புரோட்டஸ்டன்ட். மாடியில் இரவு உணவு. மனைவி, இரண்டு மகன்கள், விருந்தாளியாக வந்த லாவைஸ் என்ற இளைஞன். சமையலறையில் பணிப்பெண் ழான் விகியேர். அவள் கத்தோலிக்கப் பெண். மூத்த மகன் மார்க்-அந்துவானுக்கு 28 வயது. சட்டம் படித்தவன். ஆனால் வக்கீலாகப் பதிவு செய்யக் கத்தோலிக்கன் என்ற சான்றிதழ் வேண்டும். அது அவனுக்குக் கிடைக்காது. 1685இல் பதினான்காம் லூயி புரோட்டஸ்டன்ட்டுகளின் உரிமைகளைப் பறித்த பிறகு, அவர்கள் திருமணம்கூடச் சட்டத்தின் கண்ணில் திருமணமாக இல்லை. அன்றிரவு அவன் பாதியில் எழுந்து கீழே போனான். பிறகு விருந்தாளியை வழியனுப்ப விளக்கோடு இறங்கிய தம்பி பியேர், அண்ணனைப் பிணமாகக் கண்டான். கழுத்தில் கயிற்றின் தடம்.

குடும்பம் முதலில் ஒரு பொய் சொன்னது. யாரோ வெளியாள் வந்து கொன்றுவிட்டான் என்றார்கள். அந்தப் பொய்க்குக் காரணம் இருந்தது. தற்கொலை செய்துகொண்டவனின் பிணத்தின்மேல் வழக்கு நடத்துவதும், அதை முகம் தரையைப் பார்க்கத் தட்டியில் கிடத்தித் தெருத்தெருவாக இழுத்துப்போவதும் அன்றைய சட்டம். மகனின் உடலுக்கு அது நேரக் கூடாது என்று அப்பா நினைத்தார். ஆனால் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது: பையன் கத்தோலிக்கனாக மாறப் பார்த்தான், குடும்பமே சேர்ந்து கொன்றுவிட்டது. யார் குரல் என்று யாருக்கும் தெரியாது. வந்த நகர அதிகாரி தாவீத் த போத்ரீக் அந்தக் குரலைத் தன் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு வீட்டில் இருந்த அத்தனை பேரையும் சிறைக்கு அனுப்பினார். அறையைச் சோதிக்கவில்லை, மாடிப்படியைப் பார்க்கவில்லை. விடை முதலில் வந்துவிட்டது. விசாரணை அதன் பின்னால் ஓடியது.

தேவாலயங்களில் ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. இந்தக் கொலையைப் பற்றிக் கண்டவர், கேட்டவர், பிறர் சொல்லக் கேட்டவர் எல்லோரும் வந்து சொல்ல வேண்டும். சொல்லாதவருக்குச் சபை விலக்கு. கொலைதானா என்ற கேள்வியே அதில் இல்லை. குடும்பத்துக்குச் சாதகமாக ஏதாவது தெரிந்தவர் வரலாம் என்ற இடமும் இல்லை. இறந்தவனை வேதசாட்சியாக்கிக் கத்தோலிக்கப் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். துலூஸ் 1562இல் புரோட்டஸ்டன்ட்டுகளைக் கொன்று துரத்திய நாளை ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடிவந்த ஊர். 1762 அதன் இருநூறாவது ஆண்டு.

வழக்கு மேல்முறையீட்டில் பார்லமான் எனப்பட்ட மாகாண உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 13 நீதிபதிகள். 1762 மார்ச் 9 அன்று 8 பேர் மரண தண்டனைக்கு வாக்களித்தார்கள். முதலில் 7தான், அது போதாது, இரண்டு வாக்கு வித்தியாசம் வேண்டும் என்பது விதி. ஒருவர் மனம் மாறினார். மறுநாள் கலாஸின் கைகால்களைக் கயிற்றில் பிணைத்து இழுத்தார்கள். வாயில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கூட்டாளிகள் யார் என்று கேட்டார்கள். குற்றமே இல்லாதபோது கூட்டாளி எங்கிருந்து வருவான் என்பதே அவர் பதில். பிறகு சக்கரத்தில் கட்டி இரும்புத் தடியால் எலும்புகளை முறித்தார்கள். இரண்டு மணி நேரம் உயிர் இருந்தது. நிரபராதியாகச் சாகிறேன் என்று சொல்லியே இறந்தார்.

இந்த இடத்தில் அந்த எட்டு நீதிபதிகளைக் கொடூரர்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் ஒரு கணக்கைப் பின்பற்றினார்கள். பழைய ஐரோப்பியச் சட்டத்தில் மரண தண்டனைக்கு முழுச் சான்று வேண்டும்: நேரில் பார்த்த இரண்டு சாட்சிகள், அல்லது குற்றவாளியின் ஒப்புதல். நீதிபதி தன் மனம்போனபடி யாரையும் சாகடித்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் அந்த விதி பிறந்தது. ஆனால் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு யார் கொலை செய்வார்? எனவே அரைச் சான்று, கால் சான்று என்ற பின்னங்கள் வந்தன. ஒரே ஒரு சாட்சி என்றால் அரை. பகை இருந்ததாகக் கேள்வி என்றால் அதற்கும் கீழே. அரை சேர்ந்துவிட்டால் மீதி அரையை உடம்பிலிருந்து பிழிந்தெடுக்கச் சட்டம் அனுமதித்தது. சித்திரவதை கோபத்தில் பிறந்ததல்ல. பதிவேடு, எழுத்தர், மருத்துவர் எல்லாம் வைத்துக்கொண்டு, அளவு பார்த்து, ஒழுங்காக நடந்த காரியம். பகுத்தறிவின் பெயரால் நாம் எதிர்க்கிற பலவற்றுக்குள்ளும் ஒரு பகுத்தறிவு ஒளிந்திருக்கிறது. மூடநம்பிக்கையைவிட அதைத் தோற்கடிப்பது கடினம்.

கலாஸ் இறந்த மாதமே அந்தச் செய்தி ஜெனீவாவுக்கு அருகில் ஃபெர்னேயில் இருந்த வால்டேரை எட்டியது. அவருக்கு வயது 67. முதலில் கேட்டபோது கலாஸ் குற்றவாளிதான் என்று நம்பினார். மதவெறியில் ஓர் அப்பன் மகனைக் கொன்றிருக்கிறான். அவருக்குப் பிடித்த வாதத்துக்கு அது நல்ல உதாரணம். பிறகு அவருக்குச் சந்தேகம் வந்தது. ஜெனீவாவில் ஒளிந்திருந்த கலாஸின் கடைசி மகன் தொனாவை அழைத்துப் பேசினார். விசாரித்தார், கடிதங்கள் எழுதினார், ஆட்களை அனுப்பினார். தனக்குச் சௌகரியமாக இருந்த ஒரு முடிவை அவரே கைவிட்டார் என்பதைத்தான் இந்த வழக்கில் அவருடைய முதல் செயலாக நான் கொள்கிறேன்.

பிறகு அவர் கேட்டவை துலூஸின் எந்த வீட்டுத் திண்ணையிலும் கேட்கப்பட்டிருக்கக்கூடிய கேள்விகள். அறுபதைத் தாண்டிய, கால் தளர்ந்த ஒரு கிழவர் திடகாத்திரமான 28 வயது மகனைத் தனியாகத் தூக்கில் மாட்ட முடியுமா? முடியாது என்றால் வீட்டில் இருந்தவர்கள் உதவியிருக்க வேண்டும். அன்று மாலை முழுவதும் அவர்கள் ஒன்றாகவே இருந்தார்கள். அப்படியானால் எல்லோரும் குற்றவாளிகள், அல்லது ஒருவரும் இல்லை. நீதிமன்றமோ அப்பாவைக் கொன்றுவிட்டு, பியேரை நாடுகடத்திவிட்டு, மற்றவர்களை விடுதலை செய்தது. அப்பா வலியில் மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் காட்டிக்கொடுக்கவில்லை. கணக்கு இடித்தது. அந்த இடியைத்தான் வால்டேர் உலகத்தின் காதில் விழச் செய்தார். கால் சான்றும் அரைக்கால் சான்றும் ஏற்கிற ஊரில் எட்டு வதந்திகள் சேர்ந்தால் ஒரு முழுச் சான்று என்று பின்னாளில் அவர் கேலி செய்ததும் இதையே.

அன்றைய பிரான்சில் அச்சாகிற எல்லாவற்றுக்கும் தணிக்கை உண்டு; வக்கீல் கையொப்பமிட்ட வழக்கு மனுக்களுக்கு மட்டும் இல்லை. அந்த இடுக்கு வழியாக வெளிச்சம் நுழைந்தது. எலி த போமோன் போன்ற வக்கீல்கள் எழுதிய மனுக்கள் சிறு நூல்களாக அச்சாகிக் கைக்குக் கை போயின. 1670ஆம் ஆண்டுச் சட்டப்படி விசாரணை முழுக்க ரகசியம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லை. அந்த ரகசிய அறையின் தாள்களைச் சலவைக்காரியும் மருந்துக்கடைக்காரரும் படிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசனுக்கு மேலே இன்னொரு நீதிமன்றம் உட்கார்ந்துவிட்டது. பொதுஜன அபிப்பிராயம் என்று நாம் இன்று சர்வசாதாரணமாகச் சொல்வதற்கு அன்றுதான் உடம்பு முளைத்தது. 1763இல் வால்டேரின் சகிப்புத்தன்மை பற்றிய நூல் வந்தது. 1764இல் அரசவை துலூஸ் தீர்ப்பை ரத்து செய்தது. 1765 மார்ச் 9 அன்று, தண்டனை விதிக்கப்பட்டு சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, பாரிஸில் 40 நீதிபதிகள் ஒருமனதாகக் கலாஸை நிரபராதி என்று அறிவித்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மதுரை நினைவுக்கு வருகிறது. தமிழ் படித்த யாருக்கும் வராமல் இருக்காது. பொற்கொல்லன் ஒருவன் வந்து சொல்கிறான், அந்தப்புரத்துக்குப் போகிற அவசரத்தில் அரசன் ஆணையிடுகிறான், கோவலன் வெட்டுப்படுகிறான். கண்ணகி சபைக்கு வந்து அழுவதோடு நிற்கவில்லை. சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். அரசியின் சிலம்பில் முத்து, தன்னுடையதில் மாணிக்கம். உலக இலக்கியத்தில் அதைவிடத் தூய்மையான சான்று நிறுவும் காட்சி உண்டா என்று எனக்குத் தெரியாது. அரசன் வெட்கத்தில் உயிர்விடுகிறான். அவன் மேன்மையை நாம் காலங்காலமாகப் போற்றிவருகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் அடுத்து நடந்ததை மேடைகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பட்டத்துக்கு வந்து, கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று காப்பியம் சொல்கிறது. ஒருவன் சொன்ன பொய்க்கு ஆயிரம் பேர். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சிலம்பைப் பற்றித் தெரியும்? விசாரிக்காமல் கொன்ற பாவத்துக்கு விசாரிக்காமல் கொல்வதே பரிகாரமாயிற்று.

நல்ல அரசன் என்ற கனவின் எல்லை அங்கே தெரிகிறது. அரசனின் மனசாட்சி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது அவனோடு செத்துப்போகிறது. துலூஸுக்குப் பிறகு ஐரோப்பாவில் சிலர் கேட்டது வேறொன்று. நீதிபதி நல்லவராக இருந்தும் தவறு செய்வார் என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டு ஒரு நடைமுறையை அமைக்க முடியுமா?

அந்தக் கேள்விக்கு மிலான் நகரத்திலிருந்து பதில் வந்தது. சில இளைஞர்கள் மாலைதோறும் ஒரு வீட்டில் கூடிப் பேசினார்கள். ‘இல் கஃபே’ என்ற பத்திரிகை நடத்தினார்கள். பியேத்ரோ வெர்ரி அவர்களுக்கு மூத்தவர். அவர் தம்பி அலெஸ்ஸாந்த்ரோவுக்குக் கைதிகளின் நலம் பார்க்கும் பொறுப்பு. சிறைக்குள் பார்த்ததை வந்து சொல்வார். அந்தக் கூட்டத்தில் சோம்பலும் கூச்சமும் நிறைந்த ஒருவர் செசாரே பெக்காரியா. நண்பர்கள் அவரைத் தூண்டித் தூண்டி எழுதவைத்தார்கள். 1764இல் லிவோர்னோவில், ஆசிரியர் பெயர் இல்லாமல், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றிய அந்தச் சிறு நூல் வந்தது. அவருக்கு வயது 26. நம் சிறுபத்திரிகைக் கூட்டங்களில் டீக்கடை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பலருக்கு இந்தக் காட்சி அந்நியமாக இராது. நான்கைந்து பேர் கூடிப் பேசியது நாடுகளின் சட்டத்தை மாற்றும் என்று அன்று யார் நம்பியிருப்பார்கள்?

சித்திரவதை பற்றி அதில் அவர் வைத்த வாதம் ஒரு பத்தியில் அடங்கிவிடும். குற்றம் நிச்சயமானது என்றால் ஒப்புதல் தேவையில்லை. நிச்சயமில்லை என்றால் எதிரில் நிற்பவன் இன்னும் நிரபராதி. நிரபராதியின் உடம்பைத் தொட உமக்கு உரிமை இல்லை. வலி தாங்கும் திறன் தசையிலும் நரம்பிலும் இருக்கிறது. உண்மை அங்கே இல்லை. முரட்டுக் குற்றவாளி தப்புவான், நோஞ்சான் நிரபராதி மாட்டுவான். பழுக்கக் காய்ச்சிய மழுவைக் கையில் ஏந்தவைத்து, கொப்புளித்தால் பொய்யன் என்ற பழைய சத்தியச் சோதனை நம்மிடமும் இருந்தது. சித்திரவதை அதன் மறுபிறவி என்றார் பெக்காரியா. 1766இல் கத்தோலிக்கத் திருச்சபை நூலைத் தடைசெய்தது. அதே ஆண்டு வால்டேர் அதற்கு உரை எழுதினார்.

பகுத்தறிவாளர்கள்தாம் இதை முதலில் கண்டார்கள் என்று சொல்வது வரலாற்றுக்கு நியாயமாகாது. சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்ட பெண்களின் கடைசிப் பாவமன்னிப்பைக் கேட்ட ஏசு சபைப் பாதிரியார் ஃபிரீட்ரிஷ் ஷ்பே, 1631இலேயே பெயர் போடாமல் எழுதிவிட்டார்: சூனியக்காரிகளை உருவாக்குவது சித்திரவதைதான் என்று. இன்னொன்றும் உண்டு. சட்ட வரலாற்றாளர் ஜான் லாங்பைன், தத்துவவாதிகளுக்கு இவ்வளவு பெருமை தரக் கூடாது என்று வாதிட்டிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டிலேயே முழுச் சான்று இல்லாமல் சிறையோ கடும் உழைப்போ விதிக்க நீதிபதிகளுக்கு வழி கிடைத்துவிட்டது, ஒப்புதலின் அவசியமே மெல்லக் குறைந்துவந்தது என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் துருப்பிடித்த கருவியும் சட்டத்தில் இருக்கிறவரை யாராவது எடுப்பார்கள். 1762இல் துலூஸில் எடுத்தார்கள். பெக்காரியாவின் நூல் வந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும், 1766இல் அப்வீலில், ஊர்வலத்துக்குத் தொப்பியைக் கழற்றாதது முதலான தெய்வ நிந்தனைகளுக்காக லா பார் என்ற 20 வயதே ஆன இளைஞனைச் சித்திரவதை செய்து தலையை வெட்டி, வால்டேரின் தத்துவ அகராதியோடு சேர்த்து எரித்தார்கள்.

அதற்குப் பிறகு அரசுகள் ஒவ்வொன்றாக அசைந்தன. பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரடெரிக் 1740இல், பட்டத்துக்கு வந்த சில நாட்களிலேயே, சில குற்றங்கள் நீங்கலாகச் சித்திரவதையை நிறுத்தியிருந்தார். ரஷ்யாவின் கத்தரீன் 1767இல் வெளியிட்ட சட்ட அறிவுரையில் மோன்தெஸ்க்யூவும் பெக்காரியாவும் பக்கம் பக்கமாக இருந்தார்கள். வியன்னாவின் கதை இன்னும் விசித்திரம். 1768இல் மரியா தெரசா வெளியிட்ட குற்றச் சட்டத்தில் சித்திரவதைக் கருவிகளின் செப்புத்தகட்டுப் படங்கள் இருந்தன. எந்தத் திருகை எங்கே எவ்வளவு இறுக்குவது என்ற விளக்கத்தோடு. எட்டே ஆண்டுகளில், 1776 ஜனவரியில், அதே அரசி அதை ஒழித்தார். தஸ்கனி 1786 நவம்பர் 30 அன்று சித்திரவதையோடு மரண தண்டனையையும் சேர்த்து ஒழித்தது. பிரான்சில் 1780இலும் 1788இலும் இரண்டு தவணைகளாக அது போனது. இடையே 1787இல் புரோட்டஸ்டன்ட்டுகளின் திருமணமும் பிறப்பும் இறப்பும் அரசுப் பதிவேட்டில் இடம்பெற்றன. 1789 ஆகஸ்டில், குற்றம் நிறுவப்படும்வரை ஒவ்வொரு மனிதனும் நிரபராதி என்பது மனித உரிமைப் பிரகடனத்தின் ஒன்பதாவது பிரிவாயிற்று.

இங்கேயே கட்டுரையை நிறுத்திவிட்டால் அது வெற்றிக் கதை. நான் நேசிக்கிற ஓர் இயக்கத்தைப் பற்றி அரைச் சான்றோடு எழுத எனக்கு விருப்பமில்லை.

பெக்காரியா மரண தண்டனையை எதிர்த்தபோது இரக்கத்தை மட்டும் நம்பவில்லை. ஒரு நொடியில் முடிகிற சாவைவிட, கண்ணெதிரே வாழ்நாள் முழுக்கச் சுமை இழுக்கும் அடிமை மனிதன் மற்றவர்களை அதிகம் அச்சுறுத்துவான் என்றும் கணக்கிட்டார். ஆஸ்திரியாவின் இரண்டாம் ஜோசஃப் அந்தக் கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தூக்கு போனது, கைதிகள் சங்கிலியோடு டான்யூப் நதியில் படகுகளை நீரோட்டத்துக்கு எதிராக இழுத்தார்கள். சேற்றிலும் காய்ச்சலிலும் ஏராளமானோர் செத்தார்கள். வதை நின்றுவிட்டதாக ஏடுகளில் எழுதப்பட்டிருந்தது. அறிவு உடம்பின் வலியை மறந்து எண்ணிக்கையை மட்டும் பார்க்கத் தொடங்கும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை எனக்குத் தெரியாது.

பிரெஞ்சுப் புரட்சியின் 1794 இன்னும் கசப்பானது. 1791 மே மாதம் பிரெஞ்சு அவையில் எழுந்து மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று உருக்கமாகப் பேசியவர் ரோபெஸ்பியர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1794 ஜூன் 10 அன்று, அவர் தரப்பு கொண்டுவந்த சட்டம் குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து வக்கீலைப் பறித்தது. சாட்சிகளையும் விசாரிக்க வேண்டியதில்லை. நடுவர்களின் மனம் ஒப்பினால் போதும். தண்டனை ஒன்றே, மரணம். ஏழு வாரங்களில் பாரிஸில் மட்டும் 1,300 பேருக்கு மேல் கில்லட்டினுக்குப் போனார்கள். ரகசிய அறை இல்லை, தண்ணீர்க் குடம் இல்லை. ஆனால் துலூஸின் தெருவில் கேட்ட முகமற்ற குரல் இப்போது மன்றத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அறிவின் பெயரால் ஆண்டவர்கள் தங்களைச் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஆட்சிக்குப் பலியானவர்களில் கொந்தோர்சே என்ற கணித அறிஞரை நான் தனியாக நினைத்துக்கொள்வேன். வால்டேருக்கு நெருக்கமானவர். 1785இல் அவர் எழுதிய பெரிய நூல் ஒன்று, பெரும்பான்மை வாக்கால் எடுக்கப்படும் முடிவு தவறாக இருப்பதற்கான நிகழ்தகவைக் கணக்கிடுவது. 13 பேரில் 8 பேர் சொன்னால் அது உண்மையாகிவிடுமா? ஒவ்வொரு நீதிபதியும் எவ்வளவு தவறக்கூடியவர்? ஒரு நிரபராதி கொல்லப்படும் ஆபத்தை எவ்வளவு கீழே கொண்டுவந்தால் மனிதன் நிம்மதியாகத் தூங்கலாம்? அரைச் சான்றும் கணக்குத்தான், இதுவும் கணக்குத்தான். முன்னது நீதிபதியின் உறுதியைக் கூட்டிக் காட்டியது. பின்னது அவருடைய பிழையை எண்ணிக் காட்டியது. இந்த வேறுபாட்டில்தான் எனக்கு அந்த நூற்றாண்டின் முழு அர்த்தமும் இருக்கிறது. அரசனுக்கு மரண தண்டனை கூடாது என்று வாக்களித்தவர் கொந்தோர்சே. கைது ஆணைக்குப் பயந்து ஒளிந்திருந்த மாதங்களில் மனித அறிவின் முன்னேற்றத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1794 மார்ச்சில் ஒரு சிற்றூர்ச் சிறையறையில் பிணமாகக் கிடந்தார்.

பெக்காரியாவின் நூல் இங்கிலாந்தில் பெந்தாமின் கையில் கிடைத்தது. பெந்தாமின் கருத்துகளில் ஊறிய சட்டச் சிந்தனை மெக்காலே வழியாகக் கல்கத்தாவுக்கு வந்தது. அதே காலத்தில் சென்னை ராஜதானியில் நடந்துகொண்டிருந்தது என்ன? கஜுலு லட்சுமிநரசு செட்டியின் சென்னை சுதேசிகள் சங்கம், நில வரி வசூலிக்க ரயத்துகளை வதைப்பதைப் பற்றி லண்டனுக்கு மனுப்போட்டது. 1853இல் இங்கு வந்த டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினரை லட்சுமிநரசு கிராமங்களுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். விசாரணைக் குழு அமைந்தது; 1855இல் அறிக்கை வந்தது. நெடுந்தூரம் நடந்து வந்து மக்கள் சாட்சி சொன்னார்கள். அதன் பக்கங்களில் நம் சொற்கள் ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன. கிட்டி: இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள்: கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் குனியவைப்பது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த தண்டனையின் பெயரும் அதுவே. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இதெல்லாம் தெரியாது, எல்லாம் உள்ளூர்ச் சேவகர்களின் வேலை என்று குழு தன் எசமானர்களைக் காப்பாற்றிக்கொண்டது. வசூல் தொகை மட்டும் யாருக்காக என்று அது கேட்கவில்லை.

ஆனாலும் அந்த அறிக்கை பேசிய காலத்தில்தான் சட்டமும் எழுதப்பட்டது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, ஒப்புதல் வாங்குவதற்காகக் காயப்படுத்துவது பற்றியது. அதற்கு உதாரணமாகச் சட்டமே எடுத்துக்காட்டியது கைதியைச் சித்திரவதை செய்யும் ஒரு போலீஸ் அதிகாரியை. 1872இன் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில், போலீசிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிறுவக் கூடாது என்றது. 2023இல் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் மாறியபோதும் அந்த விதி தங்கிவிட்டது. நாளிதழில் நாம் படிக்கிற அந்த ‘ஒப்புக்கொண்டான்’ நீதிமன்றத்தில் செல்லாத ஒன்று. நம் மனதில் மட்டும் செல்லுபடியாகிறது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை வைத்திருந்த ஒரு தந்தையும் மகனும் காவலில் வைக்கப்பட்டு அடுத்தடுத்து இறந்தபோது ஊரே கொதித்தது. ஆனால் கையில் மாவுக்கட்டோடு ஒரு சந்தேகக் கைதியின் படம் வரும்போது, ஸ்டேஷன் கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்ற விளக்கத்தை வாசித்துவிட்டு, நமக்குள் ஒரு திருப்தி பரவுகிறதே, அது எந்த ஊர்க் கூட்டத்தின் குரல்? சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை. அரசுகள் தாமாக உறுதிசெய்வதில்லை. 1765இலும் பாரிஸ் தானாக அசையவில்லை.

அந்த ஆண்டு கலாஸ் குடும்பத்துக்குப் பணம் திரட்டுவதற்காகக் கார்மோன்தெல் வரைந்த ஒரு செதுக்கோவியம் விற்கப்பட்டது. மறுவிசாரணைக்காகக் குடும்பத்தினர் முறைப்படி மீண்டும் சிறைக்குள் வந்திருக்கிறார்கள். லாவைஸ் வழக்கு மனுவை வாசிக்கிறான். பியேர் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறான். கலாஸின் மனைவி, இரண்டு மகள்கள். வால்டேர் இந்தப் படத்தைத் தன் கட்டிலருகே மாட்டி வைத்திருந்தார். படத்தில் குடும்பத்தோடு பணிப்பெண் ழான் விகியேரும் நிற்கிறாள். நாள் தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கப் பெண். அந்த வீட்டின் இன்னொரு மகன் லூயி கத்தோலிக்கனாக மாறியதற்கு அவளே காரணம். அதற்குப் பிறகும் கலாஸ் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நகர அதிகாரிகளின் முதல் தீர்ப்பு, அவளைச் சித்திரவதைக் கருவிகளின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்படி சொல்லியிருந்தது. அவளுடைய மதம், பாதிரியார்கள், ஊர், நீதிபதிகள் எல்லோரும் ஒரு பக்கம் நின்றார்கள். முதல் நாளிலிருந்து கடைசி வரை அவள் சொன்னது ஒன்றுதான்: நான் அந்த வீட்டில் இருந்தேன், அவர்கள் கொல்லவில்லை.